பெயர் எடுத்த வண்டி

மார்ச் 5, ஞாயிறு

ரெஜினா 42. நான் 41.

தோற்றேன் என்று இந்த நோட்டில் எழுத மாட்டேன். எண்ணிக்கையில் எங்கோ ஒரு சுற்று பிசகியிருக்கிறது. கண்டுபிடிப்பேன்.

மார்ச் 6, திங்கள்

ஓடைத்தெரு வியாபாரிகள் சங்கத்துக்குப் பதினேழு வருடம் தலைவராக இருந்தவனுக்கு, தேர்தல் முடிந்து முழுதாக ஒரு நாள் ஆகவில்லை, கடிதம் வருகிறது. கொண்டுவந்தது ரெஜினாவேதான். தையல் கடையைப் பாதியில் போட்டுவிட்டு, கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றாள். சங்க விதி 23-ன்படி, பதவி முடிந்தவர் பத்து நாளுக்குள் தம் வாகனத்திலுள்ள பதவிப் பெயரை அகற்றிவிட வேண்டும். 15-ஆம் தேதி கெடு. என் காரின் டிக்கியில் ‘தலைவர்’ என்று இருக்கிறது.

அந்த விதியை எழுதியவனே நான்தான். எனக்கு முன்னால் தலைவராக இருந்த எண்ணெய்க்கடைக்காரர், பதவி போய் நாலு வருடம் ஸ்கூட்டரில் பலகையைக் கழற்றாமல் திரிந்தார். அவருக்காக எழுதினேன். விதியில் தப்பில்லை.

சாயங்காலம் குருவையா வந்தார். பாத்திரக்கடைக்காரர், பதினேழு வருடமும் எனக்குச் செயலாளர். அவர் ஒரு யோசனை வைத்திருந்தார்.

“எடுக்கவே வேண்டாம் அண்ணாச்சி. மேல சின்னதா ‘முன்னாள்’னு போட்டுட்டா முடிஞ்சது. எறும்பு சைசுல போடுவோம். ஊர்ல பாதி வண்டி அப்படித்தான ஓடுது.”

பத்தடி தள்ளி நிற்பவனுக்குத் தலைவர், பக்கத்தில் வந்து குனிந்து பார்ப்பவனுக்கு மட்டும் முன்னாள். எறும்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் ஆள் நான் இல்லை என்று சொல்லிவிட்டேன். எடுக்கிறேன். ஆனால் அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்தால், பல் விழுந்த வாய் மாதிரி அந்த இடம் மட்டும் தெரியும். அதனால் எல்லாவற்றையும் எடுக்கிறேன். கம்பெனிச் சின்னம், கம்பெனிப் பெயர், கதவுப் பட்டை, வெள்ளிப் பட்டை எதுவும் மிச்சமிருக்காது. என் வண்டியில் இனி யார் பெயரும் இருக்காது.

பெயின்டர் காஜா இரண்டு நாள் வண்டியைத் தன் பட்டறையில் விடச் சொன்னான். வீட்டில் செய்தால் கிளிப் உடையும், பெயின்ட் உரியும், அப்புறம் தன்னைக் குறை சொல்லக் கூடாது என்றான். நான் யாரிடமும் காயில் கட்டப் படிக்கவில்லை. எரிந்த மோட்டார்களைப் பிரித்து, சுற்றுகளை ஒவ்வொன்றாக எண்ணி, நானே கற்றுக்கொண்டவன். ஒட்டியதைப் பிரிக்க எனக்குக் காஜா வேண்டாம்.

சங்க அலுவலகச் சாவியை ரெஜினாவிடம் கொடுக்கவில்லை. விதி 11: தேர்தல் முடிவில் ஆட்சேபம் உள்ளவர் பதினைந்து நாளுக்குள் மனு கொடுக்கலாம், கொடுத்தால் எல்லா உறுப்பினர் முன்னிலையிலும் ஓட்டுப் பெட்டி திறக்கப்பட்டு, ஒவ்வொரு சீட்டின் எண்ணும் அடிக்கட்டை எண்ணோடு ஒத்துப் பார்க்கப்படும். யார் யாருக்குப் போட்டார் என்பது தெருவுக்கே தெரிந்துவிடும். அதுவும் நான் எழுதியதுதான். 20-ஆம் தேதி வரை எனக்கு நேரம் இருக்கிறது. அதுவரை பொறுப்பு என்னிடம்.

மார்ச் 7, செவ்வாய்

காலை ஆறு மணிக்குப் பைப் பிடித்து வண்டியைக் கழுவினேன். பதினாலு வருட மெரூன், வெயிலில் வெளுத்து நாவல்பழச் சாறு கொட்டித் துவைத்த துணி மாதிரி ஆகிவிட்டது. ‘தலைவர்’ மட்டும் இன்னும் பளபளக்கிறது. எவர்சில்வர் தகட்டில் நானே பென்சிலால் வரைந்து, ஆக்சா பிளேடால் அறுத்து, அரம் போட்டது. ‘லை’ மட்டும் இரண்டு நாள் எடுத்தது. ‘ர்’ மேலுள்ள புள்ளி தனித் துண்டு. இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் வைத்து டிக்கியில் ஒட்டினேன். அதைக் கடைசியாக எடுப்பதென்று முடிவு.

முதலில் கதவுப் பட்டை. திருப்புளியால் நெம்பினேன், நன்றாகவே வந்தது. இடது பின் கதவில் ஒரு கீறல் இருக்கிறது. பழையது.

மத்தியானம் கடையில் உட்கார்ந்து ஓட்டுப் பட்டியல் தொடங்கினேன். மொத்தம் 83 கடை, 83 ஓட்டு. கடை எண் 13 என்னுடைய காயில் கடை. பக்கத்தில் 14, என் மனைவி தங்கபுஷ்பத்தின் பேரில்: வளையல், ரிப்பன், பாசிமணி, ஸ்டிக்கர் பொட்டு. சங்கம் தொடங்கியபோதே யோசித்து அவள் பேரில் பதிந்தேன். அதனால் எனக்கு எப்போதும் இரண்டு ஓட்டு. மற்ற எண்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

புஷ்பத்துக்கு மறுபடி நீர்க்கடுப்பு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டாக்டர் போன தடவையும் சொன்னாராம். கடைக்குக் கொண்டுபோன பாட்டில் மூடி திறக்காமலே வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது. இந்த வயதில் தண்ணீர் குடிக்கக்கூட ஒருவர் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மார்ச் 8, புதன்

கம்பெனிச் சின்னம் கழன்று வந்துவிட்டது. பின்னால் இரண்டு துளை. மழைத் தண்ணீர் இறங்காமல் எம்சீல் வைத்து அடைத்தேன்.

மார்ச் 9, வியாழன்

டிக்கியில் கம்பெனிப் பெயர் ஒரு துண்டாக ஒட்டியிருக்கிறது. திருப்புளி உள்ளே போகவில்லை. நெம்பிய இடத்தில் பெயின்ட் சுருங்கப் பார்த்தது. புஷ்பம் தோசை வார்ப்பதை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்தாள். இடது கதவைத் தடவி, “இந்தக் கீறல் போன வாரம் இல்லையே” என்றாள். நான் திருப்புளியைத் துடைத்தேன்.

“பாசி கோக்குற தங்கூசிய உள்ள விட்டு ரம்பம் மாதிரி அறுத்துப் பாருங்க” என்றாள். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மகள் விட்டுவிட்டுப் போன ஹேர் டிரையரை அவள் பிடித்தாள். ஐந்து நிமிடம் சூடு காட்டியதும் உள்ளே பசை இளகிவிடுகிறது. நைலான் தங்கூசியின் இரண்டு முனையையும் துணி சுற்றிய விரலில் கட்டி, பெயருக்குப் பின்னால் விட்டு இழுத்தேன். இடமும் வலமும் இழுக்க இழுக்க, நூல் சோப்பில் இறங்குவது போல் இறங்கியது. பெயர் முழுதாகக் கையில் வந்தது. பெயின்ட்டில் ஒரு கோடு இல்லை. இதற்குத்தான் காஜா இரண்டு நாள் கேட்டான்.

வேலை பாதியில் இருக்கும்போது ரெஜினா வந்தாள். அலுவலகச் சாவிக்காகத்தான் வந்திருப்பாள் என்று நினைத்து, விதி 11-ஐச் சொன்னேன்.

“ஆபீஸ் சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணாச்சி. கூடத் தொங்குற சின்னச் சாவிய மட்டும் குடுங்க.”

சின்னச் சாவி, மாடியில் அலுவலகத்தை ஒட்டிய கழிப்பறையின் சாவி. நிர்வாகிகளுக்கு மட்டும் என்று போர்டு இருக்கிறது. தேர்தலில் அவள் கொடுத்த ஒரே வாக்குறுதி அதுதான்: அந்தக் கதவைத் திறப்பது, தெருவுக்கென்று இன்னொன்று கட்டுவது. ஒரு கக்கூஸை வைத்து ஒருவர் தலைவராகலாம் என்றால் என் பதினேழு வருடம் எதற்கு? மழைநீர் வாய்க்கால், தெருவிளக்கு, ஞாயிறு விடுமுறை எல்லாம் நான் வாங்கிக் கொடுத்தவை. பொறுப்பு என்றால் முழுப் பொறுப்பு, துண்டு துண்டாக ஒப்படைக்க முடியாது என்றேன்.

“சாவி கேக்குறது பொறுப்புக்கில்ல அண்ணாச்சி. அவசரத்துக்கு.”

புஷ்பம் சிரித்துவிட்டாள். டிரையரை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அங்கே தண்ணீரே ஏறாது, மோட்டார் எரிந்து இரண்டு வருடம் ஆகிறது என்று ரெஜினாவிடம் சொன்னேன். குடத்தில் தூக்கிக்கொள்வோம் என்றாள்.

மோட்டார் விஷயத்தையும் இங்கே எழுதிவிடுகிறேன். அது எரிந்தபோது கூட்டத்தில் ஒருவர் எழுந்து, வெளியூரில் ஒருவன் மலிவாகக் கட்டுகிறான், அவனிடம் கொடுக்கலாம் என்றார். தலைவர் நாற்காலியில் காயில் கட்டுபவன் உட்கார்ந்திருக்கும்போது. அன்றிலிருந்து அந்த மோட்டாரை நான் தொடவில்லை. யாரும் தொடவில்லை.

மார்ச் 10, வெள்ளி

ஜன்னல்களுக்குக் கீழே வெள்ளிப் பட்டைகள். இவை ஒட்டியவை அல்ல, கிளிப்பில் நிற்பவை. கதவைத் திறந்து ஓரத்திலிருந்து துணி சுற்றிய தோசைக்கரண்டியால் தூக்கினால், கிளிப் ஒவ்வொன்றாக டக் டக் என்று விடுகிறது. பதினாறில் இரண்டு உடைந்தன. காஜா பத்து உடையும் என்று சொல்லியிருந்தான்.

பட்டியல் முடிந்தது. எரிந்த காயிலைப் பிரிப்பது போலத்தான் பிரித்தேன். அவசரப்படாமல், கேட்க வேண்டியவர்களைக் கேட்டு, கேட்கக் கூடாதவர்களை முகம் பார்த்து. என் பக்கம் 42. அந்தப் பக்கம் 41. மூன்று தடவை எண்ணினேன். அதாவது என்னுடைய 42-இல் ஒருவர் கை மாறியிருக்கிறார். வரிசையாக மறுபடி பார்த்தேன். 13, 14 நம்முடையவை, அவற்றை விட்டுவிடலாம். மிச்சம் நாற்பது பேர். அந்த நாற்பதில் ஒருவர்.

‘முன்னாள்’ போடச் சொன்னவர் குருவையா. ஜெயித்திருக்க வேண்டியவனைப் பார்த்து அந்தச் சொல் எப்படி அவர் வாயில் வரும்? மனதில் ஏற்கெனவே இருந்தால்தான் வரும். கடைக்குப் போய் நேராகவே கேட்டேன். அவர் தராசைக் கீழே வைத்தார்.

“என் மக கல்யாணத்துல தாம்பூலம் நீங்கதான மாத்தினீங்க. என்னயவா கேக்குறீங்க?”

நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 11, சனி

குருவையா டீக்கு வரவில்லை.

மார்ச் 12, ஞாயிறு

இன்று எழுத்துகள்.

வியாழக்கிழமை போலவே வண்டியைத் திருப்பி நிறுத்தினேன். வழக்கமாக டிக்கி சுவர்ப் பக்கம் இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து வேலை எங்களுக்குள் பிரிந்தேதான் இருக்கிறது. வண்டியில் முன்பக்கம் நான் துடைப்பேன், பின்பக்கம் அவள்.

‘த’ பத்து நிமிடம். ‘லை’ முக்கால் மணி நேரம், வளைவுகளில் தங்கூசி சிக்கி இரண்டு தடவை அறுந்தது. ‘வ’ தானாகவே வந்தது போல் வந்தது. ‘ர’வையும் எடுத்தேன். கடைசியில் புள்ளி. தங்கூசியை அதன் பின்னால் விடப் பார்த்தால் இடமே இல்லை. நகத்தால் சுரண்டினேன். அது தகடு இல்லை. காகிதம் மாதிரி சுருண்டு விரலில் ஒட்டிக்கொண்டது. வெள்ளி நிறத்தில் மினுங்கும் பெரிய ஸ்டிக்கர் பொட்டு.

ஹேர் டிரையர் ஓடிக்கொண்டே இருந்தது. அவளிடம் விரலைக் காட்டினேன்.

“புள்ளி எப்பவோ விழுந்துட்டு” என்றாள். “சின்னவ காலேஜ் சேர்ந்த வருசம்.”

பதினொரு வருடம். மழைக்காலத்தில் சீக்கிரம் உதிரும், வெயிலில் வெளுக்கும், வருடத்துக்கு ஐந்தாறு ஆகும் என்றாள். வெள்ளிக்கிழமை பின்பக்கம் துடைக்கும்போது பார்த்து மாற்றிவிடுவாளாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா ஆக்சா பிளேட எடுத்துட்டு உக்காருவீங்க. புள்ளி இல்லாம நீங்க பஜாருக்குள்ள போனா ‘தலைவர’னு படிப்பானுக. அது வேண்டாம்னுதான்.”

பொட்டை எறியவில்லை. ஓரத்தில் பசை இன்னும் இருந்தது. இந்த நோட்டின் அட்டைக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். காரணம் ஒன்றும் இல்லை.

மார்ச் 13, திங்கள்

புஷ்பத்துக்குக் காய்ச்சல். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிட்டாள். கிருமி மேலே ஏறியிருக்கிறது, இப்படியே விட்டால் கிட்னிக்குப் போகும் என்றார் டாக்டர். ஊசி போட்டு வீட்டில் விட்டுவிட்டு, என் கடையைச் சாத்தி, அவள் கடையைத் திறந்தேன். பங்குனித் திருவிழாவுக்கு முந்திய வாரம், வளையல் வாங்க வருவார்கள்.

முப்பது வருடத்தில் அவள் கடையில் முழு நாள் உட்கார்ந்தது இன்றுதான். ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். பதினொரு மணிக்குப் பக்கத்துக் கடை செண்பகம், பிளாஸ்டிக் சாமான் விற்பவள், என்னிடம் வந்து அரை மணி நேரம் தன் கடையையும் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். எங்கே போகிறாய் என்றேன். வீட்டுக்கு என்றாள். அதற்குள்ளேயே சாப்பாடா என்று கேட்டேன். சொல்லலாமா வேண்டாமா என்று என்னைப் பார்த்தாள்.

“மதினி இருந்தா ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போவோம் அண்ணாச்சி. வீட்டுல போய்த்தான வரணும். மதினிக்கு வீடு தூரம், அவுக போறதே இல்ல. தண்ணி குடிக்காம உக்காந்துருவாக.”

எனக்கு ஒரு மணிக்கு முட்டியது. டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் இருக்கிற சுவருக்குப் போய்விட்டு இரண்டு நிமிடத்தில் திரும்பினேன். பதினேழு வருடமாக அப்படித்தான் போகிறேன். திரும்பி வரும்போது, தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பெண்கள் உட்கார்ந்திருக்கும் கடைகளை எண்ணினேன். பத்தொன்பது.

மூன்று மணிக்குச் சில்லறை தேடி அடி இழுப்பறையைத் திறந்தேன். பொட்டு அட்டைகளுக்குக் கீழே ஒரு கோப்பு. அதில் ஒன்பது மனுக்களின் நகல், வருடத்துக்கு ஒன்று. ‘மகளிர் கழிப்பறை வேண்டுதல்.’ ஒவ்வொன்றின் அடியிலும் என் கையெழுத்து: பெற்றுக்கொள்ளப்பட்டது, அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும். இவற்றை நான் பார்த்திருக்கிறேன். எத்தனை பேர் கையெழுத்து என்று மேலிருந்து கீழே எண்ணுவேன். பெயர்களைப் படித்ததில்லை.

ஒன்பதிலும் முதல் கையெழுத்து ஒன்றே. தங்கபுஷ்பம், கடை எண் 14.

மாலை ஆறு மணிக்குக் கடையைச் சாத்தினேன். நான் கொண்டுபோன தண்ணீரில் பாதிதான் குடித்திருந்தேன்.

மார்ச் 14, செவ்வாய்

எழுத்து இருந்த இடத்தில் கறுப்புப் பசை ஒட்டியிருக்கிறது. தின்னர் போட்டால் பெயின்ட்டையே தின்னும் என்று எனக்குத் தெரியும். துணியில் மண்ணெண்ணெய் நனைத்து, ஓரத்தில் ஒரு இடத்தில் சோதித்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்தேன். பசை போய்விட்டது. போன பிறகுதான் தெரிகிறது: எழுத்துகளுக்குக் கீழே வெயில் படாத மெரூன், வாங்கிய நாளில் இருந்த அதே நிறத்தில் இருக்கிறது. சுற்றிலும் வெளுத்திருக்க, நடுவில் ‘தலைவர்’ என்று அச்சுப் போல் நிற்கிறது. எவர்சில்வரில் இருந்ததைவிடத் தெளிவாக. புள்ளியோடு.

பெயின்ட் தேய்க்கும் காம்பவுண்டு பசை போட்டு ஒரு மணி நேரம் தேய்த்தேன். கொஞ்சம் மங்கியது. போகவில்லை.

புஷ்பம் எழுந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். காய்ச்சல் இறங்கியிருந்தது. சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். பட்டியல் என் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுக்காமலே கேட்டேன்.

“பதினாலாம் நம்பர் ஓட்டு யாருக்கு?”

அவள் திடுக்கிடவில்லை. சொம்பைக் கீழே வைத்தாள்.

“ரெஜினாவுக்கு.”

நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

“முன்னாடியே கேட்டிருந்தா முன்னாடியே சொல்லியிருப்பேன். பதினேழு வருசத்துல யாருக்குப் போடுறேன்னு ஒரு தடவ கேட்டீங்களா? ஒன்பது மனு குடுத்தேன். வீட்டுலயும் சொன்னேன், மோட்டார மட்டுமாவது கட்டிப் போடுங்கன்னு. ‘கூட்டத்துல பேசுவோம்’னீங்க. நான் என்ன கூட்டமா?”

நான் மனு கொடுத்தால் பெட்டி எல்லார் முன்னாலும் திறக்கப்படும், 14-ஆம் எண் சீட்டைத் தெருவே பார்க்கும் என்று சொன்னேன். மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. விதி அப்படி.

“தெறக்கட்டும். எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. நீங்க யோசிச்சுக்கோங்க.”

உள்ளே போய்விட்டாள். பட்டியலை எடுத்து, 14-ஐ அந்தப் பக்கம் மாற்றி, மறுபடி எண்ணினேன். 42, 41. ஒரு சுற்றுகூடப் பிசகவில்லை. எண்ணிக்கை சரி.

மார்ச் 15, புதன்

கெடு நாள். காலையிலேயே வண்டியைத் தெருவுக்கு ஓட்டிப்போய் ரெஜினாவின் கடைக்கு எதிரே நிறுத்தினேன். எந்தச் சின்னமும் இல்லை, பட்டை இல்லை, பெயர் இல்லை. காஜா பட்டறையிலிருந்து வந்து சுற்றிப் பார்த்தான். கதவு ஓரங்களைத் தடவிப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் போனான். அது போதும்.

ரெஜினா கத்தரிக்கோலோடு வெளியே வந்தாள். டிக்கியில் தெரிகிற நிழலைப் பார்த்தாள். விதியில் பெயரை அகற்றத்தான் சொல்லியிருக்கிறது, நிழலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்று நான் முந்திக்கொண்டேன்.

“நெழல் இருந்துட்டுப் போகட்டும் அண்ணாச்சி” என்றாள். “பதினேழு வருச வெயில் நீங்க பட்டதுதான.”

துண்டு துண்டாக ஒப்படைக்க முடியாது என்று போன வியாழக்கிழமை சொல்லியிருந்தேன். சொன்ன சொல்லை நான் மாற்றுவதில்லை. அதனால் முழுச் சாவிக்கொத்தையும் கொடுத்தேன்.

மார்ச் 16, வியாழன்

மாடியிலிருந்து மோட்டாரை இறக்கிக் கடைக்குக் கொண்டுவந்தேன். ரெஜினா கேட்கவில்லை. தலைவர் கேட்டு நான் மோட்டார் கட்டுவதில்லை. அது கிடக்கிறது, நான் காயில் கட்டுபவன், அவ்வளவுதான். பிரித்தால் உள்ளே கரி. எலி கூடு கட்டியிருக்கிறது.

மார்ச் 17, வெள்ளி

காயில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். எழுத நேரமில்லை.

மார்ச் 18, சனி

வார்னிஷ் காய்ந்தது. மாட்டி ஓடவிட்டேன். சத்தமே இல்லை, உள்ளங்கை வைத்தால்தான் ஓடுவது தெரியும். தொட்டி நிறைந்து வழிந்து, மாடிப்படியில் தண்ணீர் இறங்கி வந்தது. செண்பகம் கீழிருந்து அண்ணாச்சி நிறுத்துங்க, நிறுத்துங்க என்று கத்தினாள். ‘நிர்வாகிகளுக்கு மட்டும்’ போர்டை நானே கழற்றினேன். அதற்குத் தங்கூசி தேவைப்படவில்லை, இரண்டு ஆணிதான்.

அங்கிருந்து நேராகக் குருவையாவின் கடைக்குப் போய் ஒரு எவர்சில்வர் குடம் வாங்கினேன். எங்களுக்குக் குடம் தேவையில்லை. அவர் அதைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தார். டீ சாப்பிடுவோமா என்றேன். சாப்பிட்டோம். ஓட்டு விஷயம் நான் பேசவில்லை. தப்பாகக் கேட்டுவிட்டேன் என்பதை மட்டும் சொன்னேன். டீ சூடாக இருந்ததால் அவர் ஊதி ஊதிக் குடித்தார்.

மார்ச் 19, ஞாயிறு

மாலையில் குருவையா வீட்டுக்கே வந்தார். மனுவைத் தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார், என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு. நாளையோடு கெடு முடிகிறது, பெட்டியைத் திறந்தால் துரோகி யார் என்று தெரிந்துவிடும், சும்மா விடக் கூடாது என்றார். ‘துரோகி’ என்று அவர் சொன்னபோது புஷ்பம் அவருக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தாள். சர்க்கரை போதுமா என்று அவரிடம் கேட்டாள்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். நான் மனுவைப் படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று குருவையா விரலால் காட்டினார். எண்ணிக்கையை நானே சரிபார்த்துவிட்டேன், 42-க்கு 41, பிழை இல்லை என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

“அப்ப அந்த ஒரு ஓட்டு?”

“அது துரோகம் இல்ல வேய். அது மனு. பத்தாவது மனு.”

குருவையாவுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. காப்பியைக் குடித்து முடித்து, காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மார்ச் 20, திங்கள்

கெடு முடிந்தது. நான் தோற்றேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். மார்ச் 7-ஆம் தேதி, இடது பின் கதவுக் கீறல் பழையது என்று எழுதியிருக்கிறேன். அது திருப்புளி போட்டது. எழுதியதை அடிக்க மாட்டேன், இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

புஷ்பம் ஒரு வாரத்துக்குப் பிறகு இன்று கடைக்குப் போனாள். சாயங்காலம் நான்தான் வண்டியில் கூட்டிவந்தேன். பாட்டிலை முன் சீட்டில் வைத்தாள். காலியாக இருந்தது. வழியில் குழாயைப் பற்றித்தான் பேச்சு: மாடியில் ஒரு குழாய் சொட்டுகிறதாம், வாஷர் தேய்ந்திருக்குமாம், தலைவரிடம் மனு கொடுக்கலாமா அல்லது என்னிடமே சொல்லலாமா என்று கேட்டாள். கேலிதான். நாளைக்கு வாஷர் மாற்றிவிடுவேன்.

வீட்டுக்கு வந்ததும் மறுபடி காம்பவுண்டை எடுத்தேன். இருட்டுவதற்குள் ‘த’ போனது. ‘லை’, ‘வ’, ‘ர’ கிட்டத்தட்டப் போய்விட்டன. இருப்பது தெரிந்தவனுக்கு மட்டும் தெரியும். மேலே புள்ளி இருந்த இடம் வந்ததும் கையை நிறுத்தினேன். இந்த நோட்டின் அட்டையிலிருந்து அந்தப் பொட்டை உரிக்கப் பார்த்தால், பசை காய்ந்து உதிர்ந்துவிட்டது. புஷ்பத்திடம் புதிதாக ஒன்று கேட்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. பொட்டு அட்டையிலிருந்து கிள்ளிக் கொடுத்தாள்.

ஒட்டினேன். கொஞ்சம் கோணிவிட்டது என்று சொல்லி, கட்டை விரலால் அவள் நகர்த்தி அழுத்தினாள்.

வண்டியின் பின்னால் இப்போது ஒரு பெயரும் இல்லை, ஒரு வெள்ளிப் பொட்டு மட்டும் இருக்கிறது. தெருவில் நாலு பேர் கேட்பார்கள். கேட்கட்டும். சங்க விதிகள் முப்பத்தொன்றையும் எழுதியவன் நான். அதை எடுக்கச் சொல்லும் விதி ஒன்றுகூட அதில் இல்லை.